என்கவுண்டர்ல போடணுமாம்!

சென்னை முகலிவாக்கம் சிறுமி கொலை வழக்கில் 2018-ல் தூக்குத்தண்டனை வாங்கின ஆளை 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் விடுதலை பண்ணிச்சில்லையா? எங்க புதுக்கடை சாயாக்கடையில் அன்னைக்கு ஒரே பேச்சுதான். "அப்பவே என்கவுண்டர்ல போட்டிருந்தா சோலி முடிஞ்சிருக்கும்லா?"

கோர்ட் ஏன் விட்டுதுன்னு கேட்க ஆளில்லை. முக்கிய ஆதாரம்னு போலீஸ் சொன்ன சிசிடிவி பதிவு கோர்ட்டுக்கே வரல. வக்கீல் இல்லாமலே குற்றச்சாட்டு பதிவு பண்ணியிருக்காங்க. ஓட்டை போட்டது விசாரணை. திட்டு மட்டும் நீதிபதிக்கு!

என்கவுண்டர் ரசிகர்கள் இன்னொரு வழக்கையும் கேளுங்க மக்கா. 2003, மகாராஷ்டிரா. ஒரு குடும்பத்தில் 5 பேர் கொலை, கூடவே கூட்டு பாலியல் வன்கொடுமை. உயிர் பிழைச்ச அம்மாகிட்ட போலீஸ் பழைய குற்றவாளிகளோட போட்டோ ஆல்பத்தைக் காட்டுது. அவங்க 4 பேரை அடையாளம் காட்டுறாங்க. போலீஸ் அந்த 4 பேரையும் விட்டுட்டு நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த வேற 6 பேரைப் பிடிச்சு உள்ளே போட்டுச்சு. அதில் ஒருத்தன் அப்போ 18 வயசு ஆகாத பையன்.

ஏன் அவங்க? கேட்க நாதியில்லாதவங்க, அவ்வளவுதான். குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1952-ல் எடுத்தாச்சு. ஸ்டேஷன்காரங்க மனசிலிருந்து அது போகலையே! நம்ம ஊரில் திருட்டு நடந்தா முதல்ல இருளர் குடிசைக்கு ஜீப் போறதும் இதே புத்திதான்.

2006-ல் கீழ்க்கோர்ட் 6 பேருக்கும் தூக்கு விதிச்சுது. ஹைகோர்ட் 3 பேருக்கு அதை ஆயுளாக் குறைச்சுது. 2009-ல் சுப்ரீம் கோர்ட் அந்த 3 பேருக்கும் மறுபடி தூக்குன்னு சொல்லிச்சு. அதே சுப்ரீம் கோர்ட் 2019 மார்ச்சில்தான் ஆல்பம் விஷயத்தைத் தோண்டி, தன் தீர்ப்பைத் தானே திரும்ப வாங்கி, எல்லாரையும் விடுதலை பண்ணிச்சு. ஆளுக்கு 5 லட்சம் இழப்பீடு. கிட்டத்தட்ட 16 வருஷத்துக்கு வகுத்தா நாளுக்கு 85 ரூபாய் சொச்சம் :-(

"பெண்ணைப் பெத்தவன் வலி உனக்குத் தெரியுமா?"ன்னு ஒருத்தர் கண்டிப்பா கேட்பார். அந்த அம்மா பெண்ணைப் பெத்தவங்கதானே அண்ணாச்சி? அவங்க கை காட்டின 4 பேரை விசாரிக்கக்கூட இல்லை. 2003-லேயே அந்த 6 பேரைச் சுட்டுட்டு போலீஸ்காரங்களுக்கு மாலை போட்டிருந்தா, அந்த ஆல்பத்தை அப்புறம் யார் திறந்து பார்த்திருப்பாங்க?