பாவைத் தெருவில் நீட்டுங்க, சர்வரில் வேண்டாம்

எங்க தெருவில் சனிக்கிழமைதான் கூலி நாள். போன செமஸ்டர்ல ஒரு சனிக்கிழமை காலை, சித்தப்பா தறியை விட்டு எழுந்து வந்து என் முன்னாடி போனை நீட்டினார். "என்னப்பா, உன் கணக்கு திறக்கவே மாட்டேங்குது?"

அவர் சொன்ன கணக்கு என்னோட மினி புராஜெக்ட். யார் எத்தனை சேலை இறக்கினாங்க, எவ்வளவு பட்டும் ஜரிகையும் வாங்கினாங்க, முன்பணத்தில் எவ்வளவு கழிஞ்சுது, மிச்சக் கூலி எவ்வளவு, இவ்வளவுதான் அதுல இருக்கும். ஆரணியில் பட்டு நெய்யற வீட்டுல பிறந்தவனுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் தலைப்பு கிடைக்காது. முதலாளியும் ஒத்துக்கிட்டு, ஒன்றரை மாசமா அதுலதான் கணக்கு போட்டுக்கிட்டிருந்தார்.

முந்தின ராத்திரி ஒரு பட்டனோட இடத்தை மாத்திட்டு, சர்வர்லயே பில்டு கொடுத்துட்டுத் தூங்கிட்டேன். எழுந்து பார்த்தா கறுப்புத் திரையில 'கில்டு'ன்னு ஒரே வார்த்தை. பில்டு செத்தது பெரிய விஷயமில்ல. அதுக்கு முன்னாடி அது டேட்டாபேஸையும் காவு வாங்கியிருந்தது. அன்னைக்குக் கூலி பட்டுவாடா ஆனது சித்தப்பா சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டை வெச்சுத்தான். "ரெண்டுலயும் எழுதாதீங்க சித்தப்பா"ன்னு அவரைப் பலமுறை கிண்டல் பண்ணவன் நான்.

இதை ஏன் இங்க எழுதறேன்னா, இது என் ஒருத்தனோட கதை இல்ல. எங்க பேட்ச்ல புராஜெக்ட்டை நிஜமா சர்வர்ல ஏத்திப் பார்த்தவங்க எல்லாருமே இந்தக் குழியில ஒருமுறை விழுந்திருக்காங்க. விழுந்தவங்களுக்குக் கிடைக்கிற வைத்தியமும் ஒண்ணுதான்: "மேக்ஸ் ஓல்ட் ஸ்பேஸ் சைஸை நாலாயிரமா ஆக்கு, எட்டாயிரமா ஆக்கு." சீனியரும் இதைத்தான் சொல்வார், ஏஐகிட்ட கேட்டாலும் முதல்ல இதுதான் வரும். பாதி நேரம் இது மருந்தே இல்ல, விஷம்னு நான் சொல்றேன்.

மெமரி தீர்ந்துபோறதுல ரெண்டு வகை இருக்கு. 'ஜாவாஸ்கிரிப்ட் ஹீப் அவுட் ஆஃப் மெமரி'ன்னு நீளமாப் புலம்பிட்டு, 134ங்கிற எண்ணோட நிக்கறது ஒரு வகை. நோட் உள்ள இருக்கிற வீ8 தனக்குன்னு வெச்சுக்கிட்ட எல்லையைத் தொட்டுடுச்சு, அவ்வளவுதான். மெஷின்ல இன்னும் இடம் இருக்கலாம். அங்க அந்த எல்லையை ஏத்தினா வேலை நடக்கும்.

இன்னொரு வகை புலம்பாது. 'கில்டு'ன்னு மட்டும் சொல்லும், எண் 137. அந்த 137ல 128ஐக் கழிச்சா 9. லினக்ஸ்ல ஒன்பதாம் நம்பர் சிக்னல்னா தப்பிக்க வழியே இல்லாத கொலை. மெஷின்லயே மெமரி காலியாகி, கர்னல் யாரையாவது பலி கொடுத்தே ஆகணும்னு முடிவு பண்ணிடுச்சுன்னு அர்த்தம். டிமெசேஜ் கட்டளை போட்டுப் பாருங்க, யாரைக் கொன்னதுன்னு பேரோட எழுதி வெச்சிருக்கும். இந்த இடத்துல எல்லையை ஏத்தறது, காலிப் பானையில் பெரிய கரண்டியை விடற மாதிரி.

நான் பண்ணது அதுதான். ஒரு ஜிபி இருக்கிற மெஷின்கிட்ட, நாலு ஜிபி வரைக்கும் தாராளமா எடுத்துக்கோன்னு சொல்லியிருந்தேன். அதுவும் என்விரான்மென்ட் வேரியபிள்ல வெச்சதால, பில்டு பெத்த நாலு குட்டி புராசஸுக்கும் அதே சலுகை போயிடுச்சு. எல்லை தூரத்துல இருக்குன்னு நம்பி அதுங்க பழைய குப்பையை அவசரமாக் கூட்டல. தனித்தனியாப் பார்த்தா ஒவ்வொண்ணும் சின்னது. அதனால கர்னல் கண்ணுக்கு முதல்ல பெருசாத் தெரிஞ்சது பாவப்பட்ட டேட்டாபேஸ். அடி விழுந்தா தானா எழுந்திருக்கிற மாதிரி அதை நான் அமைச்சும் வைக்கல.

அப்புறம் என்ன, பெரிய மெஷின் வாங்குன்னுதான் அடுத்த அறிவுரை வரும். எதுக்கு? ஓடும்போது இந்த அப்ளிகேஷனுக்கு நூறு நூத்தைம்பது எம்பி போதும். பில்டு நடக்கிற மூணு நிமிஷத்துக்குத்தான் ரெண்டு ஜிபி வேணும். கம்பைலர் டிசைன் பாடத்துல லெக்சர், பார்சர் எல்லாம் வரைஞ்சோம். ஆனா கம்பைலரும் ஒரு புரோகிராம்தான், அதுக்கும் பசிக்கும்னு யோசிச்சோமா? டைப்ஸ்கிரிப்ட் மொத்த புராஜெக்ட்டோட டைப்புகளையும் ஒரே நேரத்துல தலையில ஏத்திக்கும். பண்ட்லர் எல்லா ஃபைலையும் கையில பிடிச்சுக்கும். சோர்ஸ் மேப் கேட்டா அதுக்குத் தனி இடம். சி பிளஸ் பிளஸ்லயும் இதே கதைதான், மேக் கட்டளைக்கு ஜே4 கொடுத்தா நாலு கம்பைலர் ஒரே நேரத்துல பந்தியில உட்காரும். சின்ன மெஷின்ல ஜே1 கொடுத்தா மெதுவா முடியும், ஆனா முடியும்.

இதுக்கான பதில் எங்க தெருவுலயே இருந்துச்சு. காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி பாவை எங்க நீட்டுவாங்க? தெருவுல. மூணு நாலு சேலைக்கான நீளத்தை வீட்டுக்குள்ள விரிக்க எந்த வீட்டுலயும் இடம் கிடையாது. நாலு பேர் நின்னு இழுத்துப் பிடிச்சு, அறுந்த இழையை முடிஞ்சு, கஞ்சி போட்டு, சுருட்டின பிறகுதான் பாவு வீட்டுக்குள்ள வரும். தறி இருக்கிற அறை சின்னதாவே இருக்கலாம். பாவு நீட்டறதுக்காக யாரும் பெரிய வீடு கட்டறதில்ல.

பில்டும் அப்படித்தான். உங்க லேப்டாப்ல எட்டு ஜிபி சும்மாதானே கிடக்கு? அங்க பில்டு பண்ணி, வெளிவந்த டிஸ்ட் ஃபோல்டரை மட்டும் சர்வருக்கு அனுப்புங்க. இல்லன்னா கோட் ரெப்பாசிட்டரியோட வர்ற சிஐ மெஷின்ல பண்ணுங்க. ஒரு எச்சரிக்கை: தெருவுல நீட்டற பாவு உங்க தறியோட அச்சுக்குப் பொருந்தணும். விண்டோஸ்ல கம்பைல் ஆன நேட்டிவ் மாட்யூல் லினக்ஸ்ல ஓடாது, இன்டெல்ல ஆனது ஆர்ம்ல ஓடாது. நோட்மாட்யூல்ஸை அப்படியே காப்பி பண்ணிட்டு என்னைத் திட்டாதீங்க. டாக்கர்ல அதே லினக்ஸை வெச்சுப் பண்ணுங்க.

சர்வர்லயே பண்ணியே ஆகணும்னா ரெண்டு ஜிபி ஸ்வாப் ஃபைல் போடுங்க. ஆமை மாதிரி நகரும், ஆனா சாகாது. நிரந்தரத் தீர்வுன்னு நினைக்க வேண்டாம், ராத்திரி ரெண்டு மணிக்குக் கைகொடுக்கும்.

நெசவும் கம்ப்யூட்டரும்னு சொன்னாலே ஜாக்கார்ட் அட்டையை இழுப்பாங்க. எல்லா செமினார்லயும் கேட்டுட்டோம், விடுங்க. எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. அப்பல்லோ விண்கலத்தோட கம்ப்யூட்டர்ல புரோகிராம் இருந்த மெமரியை, அமெரிக்காவுல வால்தம் ஊர்ல ரேதியான் ஆலைப் பெண்கள் கம்பியால கையில பின்னினாங்க. அதுல 36,864 சொற்கள். மாத்தி எழுதக்கூடிய மெமரி வெறும் 2,048 சொற்கள். 1969 ஜூலை 20, நிலாவுல இறங்கிக்கிட்டிருக்கும்போது 1202ன்னு அலாரம் அடிச்சது. புது வேலைக்கு ஒதுக்க மெமரியில இடம் இல்லைன்னு அர்த்தம். நம்ம 'கில்டு'க்குப் பெரியப்பா. ஆனா அந்தக் கம்ப்யூட்டர், தன்னை மறுபடி தொடங்கிக்கிட்டு, முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டு, இறங்கற வேலையை மட்டும் விடாம நடத்திச்சு. எது முக்கியம்னு அதை எழுதினவங்க முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க.

நான் சொல்லி வைக்கல. லினக்ஸ்லயும் அதுக்கு வழி இருக்கு. ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட்னு ஒரு எண். டேட்டாபேஸுக்கு மைனஸ்ல வெச்சா, பலி தேடும்போது கர்னல் அதைக் கடைசியாத்தான் பார்க்கும். ஒரு வரி வேலை. நாலு வருஷத்துல எந்த லேப்லயும் எனக்கு அந்த வரி தேவைப்படல, ஏன்னா நம்ம லேப்ல எல்லாமே லோக்கல்ஹோஸ்ட். ரிவ்யூல லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினா மார்க். அடுத்த வருஷத்துக்கு நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு: இறுதி ரிவ்யூவை ஒரு ஜிபி மெஷின்ல ஓடற லிங்க்கை வெச்சு நடத்துங்க. லேப்டாப்பை வெளியே வெச்சுட்டு வரச் சொல்லுங்க. பாதிப் பேர் தடுமாறுவோம், தெரியும். ஆனா நம்ம புராஜெக்ட்டை நம்பிக் கூலிக் கணக்கு பார்க்கிறவர் முன்னாடி தடுமாறறதைவிட, மேடம் முன்னாடி தடுமாறறது பரவாயில்ல.

இப்ப பில்டு என் லேப்டாப்ல நடக்குது. வெள்ளிக்கிழமை ராத்திரி எதையும் ஏத்தறதில்ல. சித்தப்பா இன்னமும் அந்தச் சின்ன நோட்டுல எழுதறார். நான் கிண்டல் பண்றதை நிறுத்திட்டேன்.