பெங்களூருக்குப் பஸ் ஏறும் முன்: காரிமங்கலம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

உலகில் வாழ்வதற்கு அதிகம் செலவாகும் நகரங்கள் எவை என்று மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனம் பட்டியல் போடுகிறது. 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் ஹாங்காங் முதலிடம், சிங்கப்பூர் இரண்டாமிடம், சூரிக் மூன்றாமிடம். மும்பைக்கு 136, சென்னைக்கு 189, பெங்களூருக்கு 195. இதைப் படிக்கிறவர் பெங்களூரு மலிவான ஊர் என்றுதான் நினைப்பார். ஆனால் அந்தப் பட்டியல், கம்பெனி செலவில் வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் அதிகாரிக்கு என்ன செலவாகும் என்பதை நியூயார்க்கோடு ஒப்பிட்டுச் சொல்வது. காரிமங்கலத்திலிருந்தும் பெரியாம்பட்டியிலிருந்தும் கெரகோடஅள்ளியிலிருந்தும் போய்க் கம்பி கட்டுகிறவரும் சென்ட்ரிங் அடிக்கிறவரும் சித்தாளும் அதில் வருவதில்லை.

அவர்களின் கணக்கை அவர்களே போட்டுப் பார்த்ததிலிருந்து பிறந்தது இந்த வேண்டுகோள். பெங்களூரில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்களும், இன்னும் பிள்ளைகளை அங்கே வைத்திருக்கும் பெற்றோரும் சேர்ந்து இதைக் காரிமங்கலம் வட்டாரத்து மக்கள் முன் வைக்கிறார்கள். யாரையும் போக வேண்டாம் என்று அவர்கள் தடுக்கவில்லை. மழையை நம்பிய காட்டில் விளைச்சல் பொய்த்தால், நெடுஞ்சாலையில் ஏறிச் சில மணி நேரத்தில் சேர்ந்துவிடும் நகரத்தில் வேலை கிடைக்கிறது. அந்தச் சம்பளத்தில் இங்கே வீடு எழும்பியிருக்கிறது, பிள்ளைகள் கல்லூரி போயிருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், அங்கே செலவு எவ்வளவு என்றும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள் என்பதே அவர்கள் கேட்பது.

முதல் அடி அட்வான்ஸில் விழுகிறது. பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கம். ஓர் அறைக்கு மாதம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 80,000 ரூபாய் முன்பணம் வேண்டும். அதை ஊரில் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கினால் மாதாமாதம் 4,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அப்போது அந்த அறையின் உண்மையான வாடகை 12,000 ரூபாய். வீட்டுக்காரர் கேட்டது எட்டாயிரம்தான், கையை விட்டுப் போவதோ பன்னிரண்டாயிரம். பலர் வருடக்கணக்கில் உழைத்தும் ஊருக்குப் பணம் அனுப்ப முடியாமல் தவிப்பதற்கு இந்த வட்டி ஒரு பெரிய காரணம்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாதத்தோடு நிறுத்துகிறது. மாதிரிச் சட்டம் ஒரு மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும். எனவே இந்த வரம்புகளை நம்பி, பெங்களூரில் ஒப்பந்தம் எழுதாமல், அட்வான்ஸுக்கு ரசீது வாங்காமல் யாரும் பணத்தை நீட்ட வேண்டாம். வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஒகேனக்கல்லுக்கு இறங்கி வரும் அதே காவிரியைத்தான் பெங்களூரு சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பம்ப் வைத்து மேலேற்றிக் குடிக்கிறது. குழாய் எட்டாத புறநகரில் போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான் கதி. வாடகை குறைவு என்று நம் ஆட்கள் அறை பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். 2024 கோடையில் நகரத்தின் சுமார் 14,000 அரசு போர்வெல்களில் 6,900 வறண்டன. அந்த மார்ச்சில் மாவட்ட நிர்வாகமே டேங்கருக்கு விலை வைத்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் 600 ரூபாய், 12,000 லிட்டர் 1,000 ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நகரத்தோடு இணைந்த 110 கிராமங்களுக்குத் தண்ணீர் தர வழி பிறந்தது. ஆகவே அறை பார்க்கும்போது காவிரி இணைப்பு உண்டா, டேங்கர் காசு வாடகையில் சேர்ந்ததா தனியா என்று கேட்பது அவசியம்.

போக்குவரத்தும் ஏறிவிட்டது. 2025 ஜனவரியில் மாநகர பஸ் கட்டணம் 15 சதவீதம் கூடியது. பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. நம் ஊர் டவுன் பஸ்ஸில் 2021 முதல் கட்டணமின்றிப் போய்வரும் பெண்கள், அங்கே டிக்கெட் எடுக்க வேண்டும். பஸ்ஸில் இலவசப் பயணம் தரும் கர்நாடகத்தின் சக்தி திட்டம் அந்த மாநில முகவரி உள்ள பெண்களுக்கே உரியது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பம், வேலையிடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை பார்ப்பது நல்லது. வாடகை சற்றுக் கூடினாலும் மாதக் கடைசியில் மிச்சம் தெரியும்.

செலவைக் குறைக்கும் வழிகள் சில கையிலேயே இருக்கின்றன. முன்னுரிமைக் குடும்ப அட்டையோ அந்த்யோதயா அட்டையோ வைத்திருப்பவர்கள், ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் பெங்களூரு ரேஷன் கடையிலேயே விரல் வைத்துத் தானியம் வாங்கலாம். தமிழ்நாடு 2020 அக்டோபரில் இதில் சேர்ந்தது. குடும்பத்தில் பாதிப் பேர் ஊரில் இருந்தாலும் பங்கைப் பிரித்து வாங்கிக்கொள்ள முடியும். முன்னுரிமை இல்லாத அட்டைக்கு இந்த வசதி கிடையாது. எனவே தங்கள் அட்டை எந்த வகை என்று பார்த்து, ஆதார் இணைப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்ப வேண்டும். காலையில் சமைக்க நேரமில்லாதவர்களுக்கு, 2017இல் தொடங்கிய இந்திரா கேன்டீன்கள் 5 ரூபாய்க்குச் சிற்றுண்டியும் 10 ரூபாய்க்குச் சாப்பாடும் தர ஏற்பட்டவை.

ஆட்களைக் கூட்டிப்போகும் மேஸ்திரிகளிடம் ஒரு தனிக் கோரிக்கை. கட்டடத் தொழிலாளருக்கு வேலையிடத்திலோ அருகிலோ இலவசத் தங்குமிடமும், சமைக்கவும் குளிக்கவும் தனி இடமும் தர வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே எழுதிவைத்தது. கூலி பேசும் அன்றே தங்குமிடத்தையும் பேசி முடியுங்கள். அட்வான்ஸ் என்ற பேச்சே எழாத வேலை, இரண்டு கூலி கொடுக்கும் வேலைக்குச் சமம்.

ஊரில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. மகளிர் சுயஉதவிக் குழுக்களும் கூட்டுறவுக் கடன் சங்கங்களும், வெளியூர் அட்வான்ஸுக்கென்று குறைந்த வட்டியில் கடன் தர முன்வர வேண்டும். கந்துவட்டியை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வட்டிக்கு விடுகிறவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும். பெங்களூரில் ஏற்கெனவே வேரூன்றியவர்கள், எந்தப் பகுதியில் என்ன வாடகை, தண்ணீர் எப்படி என்ற உண்மை நிலவரத்தைப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

மே 1 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும்போது இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கும்படி அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்: வெளியூர் வேலைக்குப் போகிறவர்களின் விவரப் பதிவேடு ஒன்று, குடும்ப அட்டை திருத்த முகாம் ஒன்று, கட்டடத் தொழிலாளர் நல வாரியத்திலும் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளத்திலும் பதிவு செய்ய உதவும் ஆள் ஒருவர். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் அன்று தவறாமல் வந்து, மகனோ மகளோ அங்கே மாதம் என்ன வாடகையும் தண்ணீர்க் காசும் கட்டுகிறார்கள் என்பதைச் சபையில் எழுந்து சொல்லும்படி வேண்டுகிறார்கள்.