தஸ்பீஹைக் காட்டி வாயடைப்பதா?

நம் மார்க்க மேடைகளில் ஓர் உபதேசம் ஓயாமல் ஒலிக்கின்றது. இல்லத்தரசி ஒருத்தி, "வேலைச் சுமை தாளவில்லை, எனக்கென்று ஒரு நாழிகை உட்கார வழியில்லை" என்று சொல்லிவிட்டால் போதும், உடனே அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் வரலாற்றை எடுத்தோதி, "பணியாள் வேண்டி வந்த அருமை மகளுக்கே பெருமானார் (ஸல்) அவர்கள் தஸ்பீஹைத்தானே கொடுத்தார்கள்? நீயும் அதை ஓதிக்கொண்டு ஸபுர் செய்" என்று முடித்துவிடுகின்றனர். ஆடவர் தலையசைக்கின்றனர். திரைக்கு அப்பால் இருக்கும் பெண்கள் மௌனமாக இருக்கின்றனர். அம்மௌனம் சம்மதமென்று கொள்ளப்படுகின்றது.

இது பாதி வரலாறு. மறுபாதியை மறைப்பது அமானிதத்திற்கு அழகன்று.

அன்னையாரின் கைகள் திரிகை சுற்றிக் காய்த்துப்போனது உண்மை. ஆனால் அதே வேளையில் அலி (ரலி) அவர்கள் தண்ணீர் இறைத்து இறைத்து நெஞ்சு நொந்திருந்தார்கள் என்பதும் ஹதீஸில் வந்துள்ளதே! திண்ணைத் தோழர்கள் பசியால் வாடிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களை விட்டுவிட்டுத் தம் மகளுக்குக் கொடுக்கப் பெருமானார் (ஸல்) அவர்கள் இசையவில்லை. இரவில் தாமே மகள் வீடு தேடி வந்து, 33 தடவை ஸுப்ஹானல்லாஹ், 33 தடவை அல்ஹம்துலில்லாஹ், 34 தடவை அல்லாஹு அக்பர் என ஓதக் கற்றுக் கொடுத்தார்கள். யாருக்கு? மகளுக்கு மட்டுமா? மருமகனுக்கும் சேர்த்தே அன்றோ! அலி (ரலி) அவர்கள் ஸிஃப்பீன் போர் நடந்த இரவிலும் அதனை விடவில்லை. இருவரும் உழைத்தார்கள், இருவரும் ஓதினார்கள். சாய்வு நாற்காலியில் அமர்ந்து தேநீர் கேட்கும் கணவர், அடுக்களையில் நிற்கும் மனைவிக்கு மட்டும் தஸ்பீஹை மருந்தாக எழுதிக் கொடுப்பதற்கு இவ்வரலாற்றில் எங்கே ஆதாரம்?

வணக்கத்திலேயே களைப்பை விரும்பாத மார்க்கம் நம்முடையது. பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருந்தது. தொழுது களைத்தால் பற்றிக்கொள்ள அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியது அது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதை அவிழ்க்கச் சொன்னார்கள். தெம்புள்ளவரை தொழுக, களைத்தால் அமர்க என்பதே அவர்களின் ஏவல். தொழுகைக்கே கயிறு கூடாதென்றால், ஆணத்துக்கும் சோற்றுக்கும் ஒரு பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

அபுத் தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, அவர்தம் மனைவியார் பொலிவிழந்திருந்ததைக் கண்டு வினவியவர் ஸல்மான் (ரலி) அவர்கள். இறைவனுக்கும், உன் உடலுக்கும், உன் குடும்பத்தாருக்கும் உன்மீது ஹக்கு உண்டு என்று அவர் எடுத்துரைத்ததைப் பெருமானார் (ஸல்) அவர்களும் மெய்ப்பித்தார்கள். 'உடலுக்கு ஹக்கு உண்டு' என்பதைப் பகல் தூக்கத்துக்கு ஆதாரமாகக் காட்டும் ஆடவர் பலர். பெண்ணுக்கு உடல் இல்லையா?

"நேரத்தை நீயே ஒதுக்கிக்கொள்" என்று பெண்ணுக்குச் சொல்லும் வார இதழ் அறிவுரையும் இதற்குச் சளைத்ததன்று. எங்கிருந்து ஒதுக்குவாள்? நாளுக்கு 24 மணி நேரந்தான். இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் 2019-இல் நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் உழைத்தாள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். 2024-இல் அவளுக்கு 289, அவனுக்கு 88. ஐந்தாண்டில் அவளுடைய சுமை 10 நிமிடம் குறைந்தது; அவனும் 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டான்! இது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான கணக்கு. நம் இல்லங்கள் இதற்கு விலக்கென்று மார்தட்ட முன்வருவோர் யார்?

ரமளானில் இது இன்னும் தெளிவாகும். ஸஹருக்கு எல்லோருக்கும் முன்னே எழுபவள் அவள். அஸருக்குப் பின் நாம் குர்ஆன் ஓதும் வேளையில் வாடாவும் சமூசாவும் பொரிப்பவள் அவள். தராவீஹுக்கு நாம் புறப்பட்ட பின் பாத்திரம் துலக்குபவளும் அவளே. நன்மையின் மாதத்தில் அவளுக்கு ஒரு ஜுஸ்உ ஓதவும் ஓய்வில்லை.

"நம் தாய்மார்கள் முணுமுணுக்காமல் செய்யவில்லையா?" என்பர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கம் உண்டு. தாயும் சகோதரியும் சிற்றன்னையும் கைகொடுப்பர். இன்று சென்னையில் அடுக்குமாடி வீட்டில் ஒருத்தி தனியே நிற்கிறாள். கணவர் வளைகுடாவில் இருந்தாலோ வங்கியும் பள்ளிக்கூடமும் மாமியாரின் மருந்தும் அவள் தலையிலே. "ஓய்வு கொடுத்தால் கைப்பேசியில் வீணடிப்பாள்" என்பாரும் உளர். இஷாவுக்குப் பின் தேநீர்க் கடையில் நாம் கழிக்கும் நேரத்திற்குக் கணக்குக் கேட்பவர் யார்?

சட்டத்தையும் பார்ப்போம். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர். சமைப்பதும் துவைப்பதும் மனைவிமீது வாஜிபு அன்று, அது அவள் மனமுவந்து செய்யும் உபகாரம் என்பதே அம்மத்ஹபின் தீர்ப்பு. ஹனஃபி அறிஞர்கள் மார்க்க நெறிப்படி அதனை அவள் கடமை என்பர். ஆயினும் காழியின் தீர்ப்பால் கட்டாயப்படுத்த இடந்தருவதில்லை. உபகாரத்தைக் கடமையாக்கி, கடமையைத் தண்டனையாக்கியவர்கள் நாமே.

மதீனத்துப் பெண்கள் ஒரு நாள் பெருமானாரிடம் (ஸல்) முறையிட்டனர்: ஆண்கள் எங்களை முந்திக்கொள்கின்றனர், எங்களுக்கென ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று. 'வீட்டில் இருந்து ஸபுர் செய்யுங்கள்' என்னும் பதில் வரவில்லை. தம் நேரத்திலிருந்து ஒரு நாளை அவர்களுக்கென ஒதுக்கினார்கள். அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டு களித்தபோது, அன்னையார் தாமே போதுமென்று சலிக்கும்வரை மறைப்பாக நின்றவர்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அவளுக்கு நேரம் கிடைத்தது எதனால்? நேரம் உள்ளவர் கொடுத்ததனால்.

ஆகவே உபதேசத்தை ஆண்களின் பக்கம் திருப்புங்கள். நாள்தோறும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம் அடுக்களையும் பிள்ளைகளும் ஆண்களின் பொறுப்பாகட்டும். கணவர் வெளிநாட்டில் இருந்தால், வளர்ந்த மகன்கள் செய்யட்டும். அந்நேரத்தில் அவள் ஓதட்டும், படிக்கட்டும், தோழியோடு பேசட்டும், வெறுமனே படுத்திருக்கட்டும். கணக்குக் கேட்க நமக்கு உரிமையில்லை. கதீப்மார்கள் ஒரு ஜும்ஆவிலேனும் இதனைச் சொல்லட்டும். அதைச் சொல்லும் ஆலிம், வீடு திரும்பியதும் தாம் உண்ட தட்டைத் தாமே கழுவி வைக்கட்டும்.

ஹக்குடையோர்க்கு ஹக்கைக் கொடுத்தோராக வல்ல நாயன் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.