ஊர்வலத்தைப் பழித்தல் தமிழ்ப் பண்பாகுமோ?

மைசூருவில் வாழ்வோர்க்கு ஊர்வலம் புதிதன்று. ஆண்டுதோறும் விசயதசமியன்று அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை செல்லும் தசரா ஊர்வலத்தைக் காணப் பிள்ளைகளைத் தோளில் சுமந்து நிற்கின்றோம். அதே நாம், திருநங்கையரும் திருநம்பியரும் தன்பாலீர்ப்பினரும் வானவில் கொடியேந்தித் தன்மதிப்போடு நடக்கும் ஊர்வலத்தின் படத்தை நாளிதழில் கண்டால், முகஞ்சுளித்துத் தாளை மடித்து வைக்கின்றோம். இஃது அறமாகுமோ என்பதே ஈண்டு யாம் எழுப்பும் வினா.

சில ஆண்டுகட்கு முன் பொங்கல் விழாவொன்றில் அன்னையார் ஒருவர், தம் மகன் பெங்களூரு ஊர்வலத்தில் நடந்ததைக் கூறினார். "இத்தனை காலம் தலைகுனிந்தே நடந்த பிள்ளை, அன்றுதான் நிமிர்ந்து நடந்தானாம்" என்றார். சுற்றியிருந்தோர் பேச்சு நின்றது. சிலர் எழுந்து வேறு வரிசைக்குச் சென்றனர். அடுத்த ஆண்டு அக்குடும்பம் விழாவிற்கு வரவில்லை. யாமும் அன்று வாய் திறந்தோமில்லை. அக்குற்றத்தை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகின்றோம்.

"இது மேலைநாட்டுச் சரக்கு" என்பாரும் உளர். ஊர்வலம் என்னும் வடிவம் அங்கிருந்து வந்ததே. 1969இல் நியூயார்க்கில் காவல்துறையின் கெடுபிடியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் நினைவாக அது தொடங்கிற்று; கொல்கத்தாவில் 1999இலும், பெங்களூருவில் 2008இலும், சென்னையில் 2009இலும் கால்கொண்டது. ஆயின் அதில் நடக்கும் மாந்தர் மேலைநாட்டார் அல்லர். ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்களைத் தொல்காப்பியர் உயர்திணையில் வைத்தே இலக்கணம் வகுத்தார். சிலப்பதிகார மாதவி ஆடிய பதினோராடலுள் பேடும் ஒன்று. கூவாகத்தில் சித்திரை முழுநிலவில் திருநங்கையர் அரவானுக்கென்று தாலி பூணுகின்றனர். பழைய நூல்களில் இவர்களைப் பற்றிய ஏளனமும் உண்டென்பதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் தன்பாலுறவைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிய 377ஆம் பிரிவு, 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் வந்ததன்றோ? வயதுவந்தோர் தம்முள் இசைந்த உறவு குற்றமன்று என 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனின், இறக்குமதிச் சரக்கு எது?

"வீட்டோடு இருந்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? வீதிக்கு வருவானேன்?" என்பது அடுத்த வாதம். இதனை நாம் கேட்கலாகாது. 1991 டிசம்பரில், காவிரிச் சிக்கலையொட்டிப் பெங்களூருவிலும் மைசூருவிலும் தமிழர் தாக்கப்பட்ட நாள்களை நினைவுகூர்மின். அன்று சிறுவராயிருந்த எம் கையைப் பற்றி, "வெளியில் தமிழ் பேசாதே" என்று அன்னை அடக்கினார். தாய்மொழியை நாவின்கீழ் ஒளித்துக்கொண்டு கடைத்தெருவைக் கடந்தோம். அச்சம் சில நாளில் தணிந்தது. நம் மொழி நாணத்தக்கதோ என்ற ஐயம் நெடுநாள் நீங்கவில்லை. பின்னர், கூடியிருந்தோர் அனைவரும் உரக்கத் தமிழ் பேசிய ஒரு விழாவில்தான் அது நீங்கிற்று. வீட்டுக்குள் தமிழ் பேசினால் போதுமெனில் சங்கம் எதற்கு? விழா எதற்கு? இம்மலர்தான் எதற்கு? நமக்குச் சங்கம் அளித்ததனை அப்பிள்ளைக்கு ஊர்வலம் அளித்தது.

நாமாவது பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்தோம். அவர்களுள் பலர் உயிர் நாடி வந்தவர்கள். நாமக்கல் வட்டாரத்தில் பிறந்த திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதி, வீட்டில் அடியும் ஊரில் இழிசொல்லும் பட்டுப் பல நகரங்களில் அலைந்து, பெங்களூருவில் தம் போன்றார்க்காகப் பணியாற்றினார். அவ்வாழ்வை 'வெள்ளை மொழி' என நூலாக்கினார். புலம்பெயர்ந்தார் கதை எனில், அதுவும் நம் கதையே.

நடுவண் அரசு அலுவலகத்தில் படிவங்களோடு காலங்கழிக்கும் எமக்கு ஒன்று தெரியும். மூன்றாம் பாலினத்தை ஏற்று 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், அரசுப் படிவங்கள் பலவற்றில் அவர்க்கென ஒரு கட்டம் உண்டாயிற்று. படிவத்தில் கிடைத்த இடம் நம் பந்தியில் கிடைக்கவில்லையெனில், யாதும் ஊரே என மேடைதோறும் முழங்குவதிற் பயனென்ன?

வரும் பொங்கலுக்கு அவ்வன்னையார் இல்லத்திற்கு அழைப்பிதழோடு நேரில் செல்வோம். மகன் பெயரையும் அதில் எழுதுவோம். அவர்கள் வந்தால், முன்வரிசையில் அவர்களோடு அமர்வோம்.