கூண்டுக் கிளிக்கு எது உணவு?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாளின் இடக்கரத்தில் அமர்ந்திருக்கும் கிளி நினைவுக்கு வரும். மாதுளம்பூவால் அலகும் மரவள்ளி இலையால் உடலுமாக அக்கிளி நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. அதற்குத் தீனி தேவையில்லை. ஆனால் அவ்வூரிலும் அடுத்துள்ள இராஜபாளையத்திலும் வீட்டு முன்கூடங்களில் தொங்கும் கூண்டுகளில் உயிருள்ள பறவைகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு வயிறு நிறைகிறது. உடலுக்கு வேண்டிய சத்து போய்ச் சேருவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். நம் தோப்புகளுக்கு வரும் செந்தார்ப் பைங்கிளி முதலான நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். தென்னம் பொந்திலிருந்து விழுந்த குஞ்சைக் கண்டெடுத்தாலும் வனத்துறையிடமே ஒப்படைக்கவேண்டும். சாம்பல் கிளி, பஞ்சவர்ணக் கிளி போன்ற பெரிய அயல்நாட்டுக் கிளிகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்யவேண்டும் என்று 2024ல் விதிகள் வந்துள்ளன. (இராஜபாளையத்தாருக்குப் பஞ்சவர்ணம் என்றால் மாம்பழம்தான் முதலில் நினைவுக்கு வரும் என்பது வேறு விஷயம்.) ஆகவே இங்கு நான் கூறுவது, கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று பொதுவாக விற்கப்படும் பட்ஜரிகர் என்னும் சிறு கிளிகளையும், கொண்டை வைத்த காக்டெயில் கிளிகளையும் பற்றியதாகும்.

இவ்விரண்டுக்கும் ஆஸ்திரேலியாவே தாயகம். வறண்ட புல்வெளிகளில் புல் விதைகளைப் பொறுக்கித் தின்று, அதற்காக நெடுந்தூரம் பறந்து திரிபவை. இத்தகைய பறவையைக் கூண்டில் அடைத்து, கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதையைப் போடுவது வழக்கமாகிவிட்டது. தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான். பறக்க இடமில்லாத பறவைக்கு இது ஈரலில் கொழுப்பாகப் படிகிறது. அந்த விதையில் வைட்டமின் 'ஏ' இல்லை என்றே சொல்லலாம். சுண்ணாம்புச் சத்து குறைவு, மணிச்சத்து அதிகம். வைட்டமின் 'ஏ' குறைந்தால் வாயில் வெண்திட்டுகள் தோன்றும். மூக்கு ஒழுகும், கண் வீங்கும். சுண்ணாம்புச் சத்து குறைந்த பெட்டைக்கு முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். சூரியகாந்தி ருசியானது என்பதால் பறவை வேறெதையும் தொடுவதில்லை. "என் கிளி இதைத்தான் விரும்பித் தின்கிறது" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்கிறோம். குழந்தை மிட்டாயை விரும்புகிறது என்பதால் அதையே மூன்று வேளையும் கொடுப்பாரில்லை.

தினை, சாமை, கம்பு, குதிரைவாலி ஆகிய சிறு தானியங்களின் கலவையே அடிப்படைத் தீனியாக இருக்கவேண்டும். சுமார் 35 கிராம் எடையுள்ள பட்ஜரிகருக்கு நாளொன்றுக்கு இரண்டு டீஸ்பூன் தானியம் போதுமானது. அதனுடன் முருங்கைக்கீரை, கொத்தமல்லித் தழை, துருவிய கேரட் ஆகியவற்றைத் தினமும் தரவேண்டும். வேலியில் படர்ந்து கிடக்கும் கோவையின் பழத்தைக் கிளிக்குக் கொடுத்த நம் முன்னோர் வைட்டமின் அட்டவணை பார்த்தவர்களல்ல. எனினும் அப்பழத்தின் செந்நிறத்தில் வைட்டமின் 'ஏ' ஆக மாறும் கரோட்டின் இருக்கிறது. பழுத்த மிளகாயும் அவ்வாறே. பறவைகளின் நாக்கு மிளகாயின் காரத்தை உணராது என்பதால் தயங்க வேண்டியதில்லை. உப்பேற்றிய மோர் மிளகாய் மட்டும் கூடாது. சுண்ணாம்புச் சத்துக்கு, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டை உப்புப் போக நன்கு ஊறவைத்து, காயவிட்டுக் கூண்டில் கட்டவும்.

பால்சோறு வேண்டாம். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைக்கு இல்லை. கோடை வெப்பத்தில் சோறும் விரைவில் புளித்துவிடும். வெண்ணெய்ப் பழம் (அவகேடோ), சாக்லேட், காப்பி, தேநீர் ஆகியவை நஞ்சு. ஆண்டாள் கிளிக்கு அழகூட்டும் மரவள்ளி இலையையும் உயிருள்ள கிளிக்குப் பச்சையாகப் போடலாகாது. அதில் சயனைடு நஞ்சு உண்டாகும். மலிவாகக் கிடைக்கிறதென்று கழித்துப்போட்ட நிலக்கடலையை வாங்கிப் போடுவோரும் உளர். பூஞ்சணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இருக்கும். அது ஈரலைக் கெடுத்துவிடும். மருந்தடித்த தோட்டத்துக் கீரையையும், களைக்கொல்லி தெளித்த வரப்பின் கோவைப் பழத்தையும் தவிர்க்கவும்.

தீனியை ஒரே நாளில் மாற்றிவிடக் கூடாது. அறியாத உணவைத் தொடாமல் பட்டினி கிடந்தே இறந்துபோகும் பறவைகள் உண்டு. மூன்று, நான்கு வாரங்களில் சூரியகாந்தியைப் படிப்படியாகக் குறைக்கவும். சமையலறைத் தராசில் வாரம் இருமுறை எடை பார்ப்பது நல்லது. இன்னொன்று: கிளி விதையை உரித்துத் தின்றுவிட்டுத் தோலைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். மேலாகப் பார்ப்போருக்குக் கிண்ணம் நிறைந்திருப்பதாகவே தோன்றும். தினமும் காலையில் உமியை ஊதிவிட்டுப் பார்க்கவேண்டும். சிறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தால் மறுநாள் வரை காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவும்.

தினைப்புனத்தில் கிளியோட்டியது நம் பழைய வழக்கம். இன்று அதே தினைக் கதிரைக் காயவைத்துக் கட்டாகக் கட்டி, பறவைத் தீனிக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். கூண்டுப் பறவை அதைக் கொத்திக் கொத்தித் தின்பதில் பொழுதும் போகும், உடற்பயிற்சியும் கிடைக்கும். மானாவாரி நிலம் வைத்திருப்போர் ஒரு சில சென்ட் அளவில் மருந்தடிக்காமல் தினை விதைத்து, மணி உதிரும் முன் கதிராகவே அறுத்து நிழலில் உலர்த்தி விற்றுப் பார்க்கலாம். எத்தனை கட்டு எடுத்துக்கொள்வார்கள் என்று கடைக்காரரிடம் விதைப்புக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளவும்.