இயந்திரம் வாசியாத வரிகள்

பூனாகலை என்னும் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோருள் ஒரு 'எல்' இடுவாரும் உளர். இரண்டு இடுவாரும் உளர். பண்டாரவளையில் பஸ் ஏறுகிறவருக்கு இதனால் யாதொரு குறையும் இல்லை. நடத்துனர் கூப்பிடும் பெயர் காதில் விழுந்தால் போதும். ஊர் வந்து சேரும். ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கித் தேடும் கணினிக்கு இவை இரண்டு ஊர்கள். ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைத் தராது.

எழுத்துப் பிழையின் விலையை ஊவாத் தோட்டத்து மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. செக்றோலில் 'பேர்' விழுந்தால்தான் அன்றைய கூலி. அரைப்பேர் விழுந்தால் அரைக்கூலி. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் அமைந்துவிட்டால், சேமலாப நிதியைக் கேட்டுப் போகிறவர் சமாதான நீதவானைத் தேடிச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியவராகிறார். 1948, 1949ஆம் ஆண்டுகளின் பிரஜாவுரிமைச் சட்டங்களுக்குப் பின்னர், காகிதத்தில் எழுதியிருப்பதே மனிதனுக்குச் சான்று என்னும் நிலையைக் கண்ட சமூகம் இது.

நிற்க. எந்த எழுத்துப் பிழையும் ஒருவரையும் தடுத்து நிறுத்தாத இடம் ஒன்றும் உலகில் உண்டு. அதுவே கணினி மூலநிரலின் குறிப்புரை. மென்பொருள் எழுதுகிறவர், இயந்திரத்திற்கு இடும் கட்டளைகளின் நடுவே, மற்ற மனிதர்களுக்கென்று சில வரிகளை எழுதிவைப்பார். 'சி' மொழியில் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் சேர்ந்து வந்தால், இனி வருவது மனிதருக்கு உரியது என்று பொருள். கட்டளைகளை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அவ்வரிகளை அப்படியே தாண்டிச் சென்றுவிடும். அவற்றில் நூறு பிழைகள் இருப்பினும் நிரல் ஓடும்.

அங்ஙனமாயின் அவற்றைத் திருத்துவானேன்?

எமுலேட்டர் என்னும் மென்பொருள் வகையை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். ஒரு கணினியை வேறொரு கணினியாக நடிக்க வைப்பது எமுலேட்டர். பிரான்ஸ் நாட்டு ஃபாப்ரீஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎமு ஒரு செயலிக்கென்று எழுதிய நிரலை முற்றிலும் வேறான செயலியின் மீது ஓட்டிக் காட்டும். இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கிய மேம், காசு போட்டு ஆடும் பழைய விளையாட்டுப் பெட்டிகளை உயிர்ப்பிக்கிறது. அப்பெட்டிகளுள் பல இன்று துருப்பிடித்துவிட்டன. எந்தச் சில்லு எங்கே இருந்தது, எந்த வேகத்தில் துடித்தது, எந்தக் கம்பி எதனோடு சேர்ந்தது என்பனவற்றை ஆர்வலர்கள் பலகையைக் கழற்றிப் பார்த்து மேமின் குறிப்புரைகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். இத்தகைய மென்பொருளில் குறிப்புரை வெறும் ஒட்டுச் சீட்டு அன்று. பாதி வரலாறே அதுதான்.

அவ்வரலாற்றைத் தேடுகிறவன் சொல்லைக் கொண்டுதான் தேடுவான். 'இன்டரப்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லில் இரட்டை 'ஆர்' வர வேண்டும். ஒருவர் ஒற்றையாக எழுதிவிட்டால், சரியாக எழுதித் தேடுகிறவனுக்கு அந்தக் குறிப்பு அகப்படாது. இன்னொரு காரணம் நம் மாணவர்களுக்கு நெருக்கமானது. ஆங்கிலத்தை வீட்டில் கேட்டு வளர்ந்தவன் 'ரிசீவ்' என்பதில் 'ஈ'யும் 'ஐ'யும் இடம் மாறியிருந்தாலும் கண்ணால் சரிசெய்துகொண்டு போவான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் படிக்கும் தோட்டப் பாடசாலைப் பிள்ளை அச்சொல்லை அகராதியில் தேடி, காணாமல், தன் அறிவின்மீதே ஐயம் கொள்ளும். பிழை எழுதியவருடையது, அபராதம் பிள்ளைக்கு! இது நியாயமன்று என்பது நம் கருத்து.

ஆயினும் திருத்தப் புகுவோர் எதைத் தொடலாகாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். யுனிக்ஸில் கோப்பை உருவாக்கும் அழைப்பு, 'கிரியேட்' என்னும் சொல்லின் ஈற்று 'ஈ' இல்லாமலே அரை நூற்றாண்டு கடந்து வழங்குகிறது. யுனிக்ஸை மீண்டும் வடிவமைப்பதானால் எதை மாற்றுவீர் என்று கேட்டபோது, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்று கென் தாம்சன் விடையிறுத்தார் என்பர். இணையத்தின் எச்டிடிபி விதிகளில், எப்பக்கத்திலிருந்து வந்தோம் எனச் சொல்லும் 'ரெஃபரர்' என்னும் தலைப்புச் சொல்லில் ஓர் 'ஆர்' குறைவு. 1996இல் விதிநூலில் ஏறிய அப்பிழை 2022ஆம் ஆண்டு விதிநூலிலும் அப்படியே நிற்கிறது. எண்ணற்ற கணினிகள் அப்பிழையையே சரியென்று எதிர்பார்த்திருக்கையில் அதைத் திருத்துவதே பிழையாகும். நிரலில் மேற்கோள் குறிக்குள் வரும் சொற்களும், மாறிகளின் பெயர்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவை குறிப்புரை அல்ல, கட்டளையின் உறுப்புகள்.

எமுலேட்டரில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகும். 'ஜீரோ விங்' என்னும் ஜப்பானிய விளையாட்டின் மெகா டிரைவ் பதிப்பு ஐரோப்பாவில் வெளிவந்தபோது, அதன் தொடக்கக் காட்சியில் இருந்த கோணல் ஆங்கிலம் பின்னாளில் உலகையே சிரிக்க வைத்தது. நாம் நல்லெண்ணத்தோடு அதைத் திருத்திவிட்டால், நினைவகச் சில்லின் பிரதி மூலப் பிரதியாக இராது. மேம் ஒவ்வொரு பிரதியையும் சிஆர்சி, எஸ்எச்ஏ-1 என்னும் கணக்குகளால் சோதிக்கும். ஓர் எழுத்து மாறினும் கணக்குப் பிசகும். மூல இயந்திரத்தின் பிழைகளையும் பிசகாமல் நடிப்பதே எமுலேட்டரின் தொழில். ஆகவே சில்லின்மேல் அச்சிட்டிருந்ததை ஒருவர் குறிப்புரையில் உள்ளபடியே எடுத்தெழுதியிருந்தால், அங்கே நம் பேனா ஓய்ந்திருக்க வேண்டும். பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தோர் ஏட்டில் கண்ட பாடத்தை அடிக்குறிப்பில் காத்துவைத்ததும் இவ்வழக்கமே அன்றோ!

கருவிகளும் உண்டு. 'கோட்ஸ்பெல்' என்னும் நிரல், மக்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு மூலநிரலைத் துழாவும். அது காட்டியதாகக் குறிக்கப்பட்ட திருத்தங்கள் கியூஎமுவின் வரலாற்றில் பல. சில்லறைத் திருத்தங்களை ஏற்பதற்கென்றே அத்திட்டம் ஒரு தனி வழியும் வகுத்திருக்கிறது. கருவி காட்டியதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது மட்டும் ஆகாது. நம் பாடசாலைகளில் கற்பிக்கும் பிரித்தானிய எழுத்தில் 'கலர்' என்பதற்கு ஒரு 'யூ' உண்டு; அமெரிக்க எழுத்தில் இல்லை. இரண்டும் பிழையல்ல, ஒன்றை மற்றதாக்குவது வீண் வேலை.

வீண் வேலையின் கேட்டையும் உலகம் கண்டதுண்டு. ஒக்டோபர் மாதத்தில் குறித்த எண்ணிக்கைத் திருத்தங்களை அனுப்புவோருக்குச் சட்டை பரிசு என்னும் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' விழா 2014இல் தொடங்கியது. 2020இல், சட்டைக்காகவே பொருளற்ற சொல் மாற்றங்களைக் குவித்தோரால் திட்டக் காப்பாளர்கள் அல்லலுற்றனர். அவ்வாண்டிலேயே, இசைந்த திட்டங்களுக்கு மட்டுமே விழா என்று விதியை மாற்ற நேர்ந்தது. ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு மனிதர் படித்துப் பார்த்தே ஏற்கிறார் என்பதை அனுப்புகிறவர் நினைத்தல் வேண்டும். ஒரு பகுதியின் குறிப்புரைகளை முழுதும் படித்து, பொருள் விளங்கிக்கொண்டு, அங்கே கண்ட பிழைகளை ஒருங்கே திருத்தி அனுப்புவதே நாம் விரும்பும் முறை. பத்துச் சொற்களைத் திருத்துவதற்குள் ஒரு செயலி எவ்வாறு இயங்குகிறது என்பதும் ஓரளவு விளங்கிவிடும்.

கியூஎமுவுக்குத் திருத்தம் அனுப்புகிறவர், இதனை நானே அனுப்புகிறேன் என்று பெயரிட்டு ஒப்பமிடல் வேண்டும். ஓரிடத்தில் ஒரு விதமாகவும் மற்றோரிடத்தில் வேறு விதமாகவும் பெயரை எழுதினால், ஒருவரையே இருவராக எண்ணும் கணக்கு. இதற்கென 'மெயில்மேப்' என்றொரு கோப்பை அத்திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். இந்த இரு பெயரும் ஒருவரே என்று அதில் ஒரு வரி சேர்த்துவிட்டால், பழைய பதிவுகளும் அவர் பெயரிலேயே சேர்ந்துவிடும். சத்தியக்கடதாசி கேட்பதில்லை.