ஊசிக்குப் பெட்டி எங்கே?



தோட்ட டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்த ஊசி எங்கே போகிறது? இன்றும் சில தோட்டங்களில் அது பஞ்சோடும் துணியோடும் குப்பை வாளிக்குப் போகிறது. வாளியிலிருந்து பின்பக்கக் குழிக்குப் போகிறது. வாளியைத் தூக்குவது துரை அல்ல. கூட்டிக் கழுவும் நம் வீட்டுப் பெண். குழியோரம் விளையாடுவது நம் லயத்துப் பிள்ளைகள்.

"மலையில் முள் குத்தாததா?" என்று கேட்கிறார்கள். முள்ளில் அடுத்தவர் இரத்தம் இல்லை! ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாத 100 பேரில் 30 பேர் வரை அந்நோய் தொற்றலாம். நம் நாட்டில் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி போடத் தொடங்கியதே 2003இல்தான். இன்று டிஸ்பென்சரி கூட்டுகிறவர்களில் எத்தனை பேர் அதற்குப் பின் பிறந்தவர்கள்?

"தொழிலாளிக்குக் கவனமில்லை" என்பது அடுத்த சாட்டு. குப்பைக்குள் மறைந்திருக்கும் ஊசியை எந்தக் கண்ணால் பார்ப்பது? கவனம் ஊசி போடுகிறவரிடம் தொடங்க வேண்டும். போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது, வளைக்கக்கூடாது. கைக்கெட்டும் இடத்தில் உள்ள, ஊசி துளைக்காத பெட்டியில் அப்போதே போட வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் பெட்டியை மூட வேண்டும். குழியில் போட்டு எரித்தாலும் இரும்பு சாம்பலாகாது, சாம்பலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஆகவே தோட்ட நிர்வாகங்களிடம் கேட்கிறோம்:

1. ஒவ்வொரு டிஸ்பென்சரிக்கும் ஊசிப் பெட்டி வேண்டும். நிறைந்த பெட்டி, முறையாக அழிக்கும் வசதியுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
2. சுத்திகரிப்புத் தொழிலாளருக்குத் தடித்த கையுறையும் பூட்ஸும் வேண்டும். மூன்று தடவை போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் கம்பனி செலவில் போட வேண்டும்.
3. ஊசி குத்தினால் அன்றே புத்தகத்தில் பதிய வேண்டும். ஆஸ்பத்திரி போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது.

தோழியரே, ஊசி குத்தினால் மறைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

வீட்டில் இன்சுலின் போடுகிறவர்களும் ஊசியைக் கானிலே எறியக்கூடாது. மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்துக் கிளினிக்கில் ஒப்படையுங்கள். நிர்வாகத்திடம் கேட்பதை நாமும் செய்து காட்டுவோம்.

தோட்டத் தலைவர்மாரே, மாதர் தலைவிமாரே! அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடும் வீட்டோடும் இந்தப் பெட்டியையும் மேசையில் வையுங்கள். ஒரு பெட்டியின் விலையை மிச்சம் பிடிக்க ஒரு தொழிலாளியின் ஈரலைக் கொடுக்க நாங்கள் தயாரில்லை!